எடுத்தவரும் முடித்தவரும்

கட்டடங்களின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர் கண்ணில் முதலில் படுவன இரண்டு நாட்கள். ஒன்று அடிக்கல் நாட்டிய நாள். மற்றொன்று திறப்பு விழா நடந்த நாள். இவ்விரண்டையும் கல்லில் பொறித்துச் சுவரில் பதித்து வைக்கின்றோம். இவற்றிற்கு இடையே கழிந்த காலத்தைப் பற்றி அந்தக் கல் ஒன்றும் கூறுவதில்லை. எத்தனை முறை பணி நின்றது, எத்தனை கைகள் மாறின, எடுத்தவர் மறைந்த பின் முடித்தவர் யார் என்பன போன்ற செய்திகள் சாரத்தைப் பிரித்து எடுக்கும்போதே உடன் போய்விடுகின்றன. மாணவ நண்பர்களே, அவ்வாறு மறைந்துபோகும் இடைக்காலத்தைப் பற்றியே இன்று நான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நான் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவன். ஆதலால் எங்கள் மாவட்டத்துச் செய்தி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பென்னாகரம் வட்டத்தில் பாப்பாரப்பட்டி என்றோர் ஊர் உண்டு. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதி நாட்களைக் கழித்த ஊர் அது. வ.உ. சிதம்பரனாரோடு 1908ஆம் ஆண்டு சிறை புகுந்த சிவா, 1912இல் வெளியே வந்தபோது தொழுநோயாளராக வந்தார். நோய் உடலை அரித்த போதிலும் அவர் உள்ளத்தில் ஒரு கட்டடம் எழுந்துகொண்டே இருந்தது. பாரத மாதாவுக்குக் கோயில் எடுக்க வேண்டும், அதனுள் எல்லா மக்களும் வேறுபாடின்றி நுழைய வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கினார். அதற்குப் பாரதபுரம் எனப் பெயரிட்டார். 1923ஆம் ஆண்டு வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அக்கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்.

அடிக்கல் நாட்டியாயிற்று, ஆனால் சுவர் எழவில்லை. 1925ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சித்தரஞ்சன் தாஸ் மறைந்தார். ஐந்து வாரங்கள் கழித்து, ஜூலை 23ஆம் நாள், சிவாவும் பாப்பாரப்பட்டியில் கண் மூடினார். அப்போது அவருக்கு நாற்பத்தோராவது வயது நடந்துகொண்டிருந்தது. அடிக்கல் நாட்டியவரும் நாட்டச் செய்தவரும் ஒரே கோடையில் போய்விட்டனர். அதன்பின் அந்தக் கனவு காத்திருந்தது. தமிழக அரசு அவ்வூரில் எழுப்பிய பாரத மாதா நினைவாலயம் 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1923க்கும் 2021க்கும் இடைப்பட்ட காலம் 98 ஆண்டுகள் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

இவ்வளவு காலம் ஏன் சென்றது? பொருள் இல்லாமை ஒரு காரணம் என்பது வெளிப்படை. அதனோடு, மற்றொரு காரணமும் உண்டு என்று நான் எண்ணுகிறேன். அந்தக் கனவு பெரிதும் ஒரு மனிதரின் நெஞ்சிலேயே இருந்தது. அவருக்குப்பின் அதை ஏற்று நடத்தக்கூடிய வலுவான அமைப்பு உருவாகுமுன் அவர் போய்விட்டார். இதனை நன்கு விளங்கிக்கொள்ள, இதே போன்று எடுத்தவர் இடையில் மறைந்தும் விரைந்து முடிந்த வேறொரு கட்டடத்தின் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டடம் சென்னையில் இருக்கிறது. உங்களில் பலர் அதனை நேரிற் கண்டிருப்பீர்கள். காணாதவர்களும் திரைப்படங்களில் கண்டிருப்பீர்கள். அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடமே அது.

வெளியூர்களிலிருந்து சென்னைக்குச் சென்றவர்கள் ஒரு காலத்தில் அதன் எதிரே நின்று, கழுத்தை நிமிர்த்தி மாடிகளை எண்ணுவது வழக்கம். மக்கள் அதனைப் பதினான்கு மாடிக் கட்டடம் என்றே அழைத்தனர். அதன் உயரம் 177 அடி. அலுவல் புரிவதற்காக எழுந்த கட்டடங்களுள் அவ்வளவு உயரமானதை அதற்குமுன் சென்னை கண்டதில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நகரின் மிக உயர்ந்த மாளிகையாக அது விளங்கியது.

அதனை எடுக்க எண்ணியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937ஆம் ஆண்டு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியவர் அவரே. காரைக்குடியிலும் சென்னையிலும் இரங்கூனிலும் ஒரே நாளில் அவ்வங்கி தன் கதவுகளைத் திறந்தது என்பதிலிருந்தே அவர் எண்ணங்களின் அளவு விளங்கும். ஆயுள் காப்பீட்டுத் தொழிலிலும் அவர் ஈடுபட்டிருந்தார். யுனைடெட் இந்தியா என்னும் அக்காப்பீட்டு நிறுவனத்திற்காக மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய மாளிகை எழுப்பத் திட்டமிட்டார். அன்றைய மவுண்ட் ரோடுதான் இன்றைய அண்ணா சாலை. எச்.ஜே. பிரவுன், எல்.சி. மூலின் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் அதற்கு வரைபடம் வகுத்தனர். முதலில் நினைத்தது பதினெட்டு மாடிகள். 1953ஆம் ஆண்டு வேலை தொடங்கியது.

1954ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் தரையிறங்கிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. அதில் உயிரிழந்தவர்களுள் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். அவருக்கு அப்போது 45 வயது. கட்டடமோ இன்னும் வானைத் தொடவில்லை. பாப்பாரப்பட்டியில் நேர்ந்தது போன்றே இங்கும் எடுத்தவர் போய்விட்டார்.

இடர் அத்துடன் நிற்கவில்லை. 1956ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அரசு ஆயுள் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. நாடெங்கும் இருந்த 245 காப்பீட்டு அமைப்புகள் ஒன்றாயின. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. பாதியில் நின்ற இக்கட்டடமும் கழகத்தின் உடைமையாயிற்று. உடையவர் மாறினார் என்பது மட்டுமன்று, வரைபடம் வகுத்த ஆங்கிலேயக் கலைஞர்களும் பணி முடியுமுன்னரே விலகினர். ஆக, எண்ணியவர் இல்லை; எண்ணிய நிறுவனம் இல்லை; வரைந்தவர்களும் இல்லை. இத்தகைய நிலையில் ஒரு கட்டடம் முடிவுறுமா என்று எவரும் ஐயுறுவர்.

ஆயினும் அது முடிவுற்றது. முடித்துக் கொடுத்தவர் எல்.எம். சித்தாலே என்னும் கட்டடக் கலைஞர். அவர் 1932ஆம் ஆண்டு சென்னையில் தம் பெயரால் ஒரு கட்டடக் கலை நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய மாளிகைகளுக்கு வரைபடம் வகுக்கும் பணி பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில் இருந்த காலம் அது. அக்காலத்தில் இந்தியர் ஒருவர் அத்தொழிலில் நிலைபெற்று நின்றது சிறு செயலன்று. அரண்மனைக்காரத் தெரு என்று பின்னர் வழங்கலாயிற்று ஆர்மேனியன் தெரு. அங்கேயுள்ள ஓரியண்டல் காப்பீட்டுக் கட்டடம் அவருடைய பழைய படைப்புகளுள் ஒன்று. புதுப் பாணியின் நேர்க்கோடுகளோடு இந்திய மரபின் மாடங்களையும் அவர் அதில் இணைத்திருக்கிறார். அத்தகையவரிடம் மவுண்ட் ரோட்டில் பாதி எழுந்து நின்ற மாளிகை வந்து சேர்ந்தது. கட்டும் வேலையை ஏற்று நடத்தியது கோரமண்டல் இன்ஜினியரிங் என்னும் சென்னை நிறுவனம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒருவர் மனத்தில் தோன்றிய கட்டடத்தை மற்றொருவர் எவ்வாறு முடிக்க முடிந்தது? ஓவியர் பாதியில் விட்ட ஓவியத்தை இன்னொருவர் தீட்டினால் அது வேறு ஓவியமாகிவிடும் அன்றோ? கட்டடத்தில் அவ்வாறு நேராமைக்குக் காரணம், அது தொடக்கத்திலேயே மனத்தை விட்டுத் தாளுக்கு வந்துவிடுவதுதான். கட்டடக் கலை நிறுவனம் என்பது அழகிய முகப்பை வரைந்து தருவதோடு நின்றுவிடும் அமைப்பன்று. எந்தத் தூண் எத்தனை அங்குல அகலம், அதனுள் எத்தனை இரும்புக் கம்பிகள், எந்த உத்தரம் எவ்வளவு சுமை தாங்கும், நீர்க்குழாய் எவ்வழி இறங்கும் என்பனவற்றையெல்லாம் அளவோடு எழுதிப் படமாக்கி வைப்பதே அதன் முதற்பணி. படமும் கணக்கும் இருக்குமானால், எழுதியவர் விலகினாலும் படிக்கத் தெரிந்த மற்றொருவர் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு தொடரலாம். ஆயினும் அது எளிய வேலையன்று. ஏற்பவர் முன்னவருடைய கணக்கைச் சரிபார்க்க வேண்டும். எங்கே மாற்றலாம், எங்கே மாற்றலாகாது என்று தேர வேண்டும். கட்டடத்தில் தவறு நேர்ந்தால் பழி மட்டும் அவருக்கே முழுமையாக வந்து சேரும்.

இக்கட்டடத்தில் அந்தப் பொறுப்பு இன்னும் பெரிது. ஏனெனில் கட்டும் முறையே அப்போது மாறிக்கொண்டிருந்தது. நம் முன்னோர் செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கொண்டு கட்டினர். அம்முறையில் சுவரே சுமையைத் தாங்கும். ஆதலால் மேலே போகப்போகக் கீழ்ச்சுவர் பருத்துக்கொண்டே வர வேண்டும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் மொனாட்நாக் என்னும் பதினாறு மாடிக் கட்டடத்தைச் செங்கற் சுவரின் வலிமையால் 1891இல் எழுப்பினர். அதன் அடிச்சுவர் ஏறத்தாழ ஆறு அடி பருமன் கொண்டது. அதற்குமேல் உயர்ந்தால் கீழ்த்தளத்தில் சுவர்தான் இருக்கும், அறை இராது. அதே நகரில் 1885ஆம் ஆண்டு எழுந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் வேறு வழியைக் காட்டியது. இரும்பாலான சட்டகம் சுமையைத் தாங்க, சுவர் வெயிலையும் மழையையும் தடுக்கும் போர்வையாக மட்டும் நின்றது. அதுவும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மாளிகையே என்பது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை. சென்னையின் எல்.ஐ.சி. கட்டடம் இந்தப் புதுவழியைக் கான்கிரீட் தூண்களாலும் உத்தரங்களாலும் பின்பற்றியது. சுண்ணாம்பும் செங்கல்லும் ஆண்ட நகரில் கான்கிரீட் சட்டகத்தின் காலம் இக்கட்டடத்தோடு உறுதிப்பட்டது எனலாம்.

உயரம் என்று வரும்போது ஒன்றை மறந்துவிடலாகாது. 1010ஆம் ஆண்டளவில் முடிவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இருநூறு அடிக்கும் மேற்பட்டது. அதாவது, எல்.ஐ.சி. கட்டடத்தைவிட அது உயர்ந்தது. ஆனால் அவ்விமானத்தின் உயரம் கண்டு வணங்குவதற்கு, எல்.ஐ.சி. மாளிகையின் உயரமோ நாள்தோறும் பலநூறு பேர் ஏறி இறங்கி அமர்ந்து பணிபுரிவதற்கு. ஒவ்வொரு தளத்திற்கும் காற்றும் ஒளியும் நீரும் மின்சாரமும் செல்ல வேண்டும். மின்தூக்கி இடையறாது இயங்க வேண்டும். இரண்டும் வேறுவேறு வகைத் திறன்கள். தஞ்சையைப் பற்றிப் பேசும்போது நான் பெருமைப்படும் செய்தி மற்றொன்றும் உண்டு. அக்கோயிலின் கல்வெட்டு அதை எடுப்பித்த மன்னனோடு, கட்டிய குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரையும் நமக்குச் சொல்கிறது. தச்சனுக்குக் கல்லில் இடம் கொடுத்த அந்தப் பெருந்தன்மை எல்லாக் காலத்திலும் காணப்படுவதன்று.

1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் எல்.ஐ.சி. கட்டடத்தைத் திறந்து வைத்தார். முதலில் எண்ணிய பதினெட்டு மாடிகள் எழவில்லை. எனினும் எழுந்தது குறையாகத் தோன்றவில்லை. சிதம்பரம் செட்டியார் மறைந்து ஐந்தரை ஆண்டுகளுக்குள் அவர் எண்ணம் முழு வடிவம் பெற்றுவிட்டது. அவருடைய தனி முயற்சியாக மட்டும் அது இருந்திருந்தால், மவுண்ட் ரோட்டில் கம்பிகள் துருப்பிடித்த தூண்களே மிஞ்சியிருக்கக்கூடும். நிறுவனத்தின் பொருள் இருந்தது. அது கழகத்தின் கைக்கு முறைப்படி மாறியது. வரைபடம் இருந்தது, அதைப் படித்து ஏற்க மற்றொரு கலைஞர் இருந்தார். வேலையாட்களை நடத்த ஓர் அமைப்பு இருந்தது. சிவாவுக்கு வாய்க்காதவை இவையே. சிவாவின் எண்ணம் சிறிது என்றோ, செட்டியாரின் எண்ணம் பெரிது என்றோ இதனால் சொல்லலாகாது. தாங்குவார் இருந்தது ஒன்றிற்கு, இல்லாமற்போனது மற்றொன்றிற்கு.

கட்டி முடித்ததோடு கதை முடிவதில்லை. 1975ஆம் ஆண்டு ஜூலையில் எல்.ஐ.சி. கட்டடத்தில் பெருந்தீ மூண்டது. உள்ளே இருந்தவை பல சாம்பலாயின, சட்டகம் விழவில்லை. சுவரும் கதவும் சாளரமும் சீர்செய்யப்பெற்றன. மாளிகை மீண்டும் தன் பணியைத் தொடங்கியது. தாங்கும் எலும்பும் போர்த்தும் தோலும் வேறுவேறாக அமைந்த புதுமுறையின் பயன் அன்று கண்கூடாகத் தெரிந்தது. பழுது பார்த்தவர்களும் அக்கட்டடத்தைக் கட்டியவர்களே என்று நான் கருதுகிறேன். சித்தாலே தொடங்கிய நிறுவனமும் அவரோடு முடியவில்லை. மகன் தொடர்ந்து நடத்த, சித்தாலே அண்டு சன் என்னும் பெயரில் அடுத்த தலைமுறைக்குச் சென்றது. பிறர் தொடங்கியதை முடித்துக் கொடுத்தவரின் பணியையும் தொடர்வதற்கு ஒருவர் இருந்தார்.

இந்த உண்மையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். அதற்குச் சான்று தேடி நான் மீண்டும் தருமபுரிக்கே வருகிறேன். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்ப அரசர்கள் அவ்வூரை ஆண்டனர். அவர்களுள் மகேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கி.பி. 893ஆம் ஆண்டைச் சேர்ந்தது, தருமபுரியில் ஒரு கற்றூணில் கிடைத்துள்ளது. வணிகர் மரபில் வந்த நிதியண்ணன், சந்தியண்ணன் என்னும் உடன்பிறந்தார் இருவர் தகடூரில் ஒரு சமணப் பள்ளி கட்டினர் என்று அது கூறுகிறது. அதற்குமேல் அது கூறுவதுதான் நாம் கருதத்தக்கது. நிதியண்ணன் அரசனிடம் மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்று, அதனைக் கனகசேனர் என்னும் சமணத் துறவியிடம் ஒப்படைத்தான். அப்பள்ளி பழுதுறும்போது புதுப்பிக்க வேண்டும் என்பது அக்கொடையின் நோக்கங்களுள் ஒன்று.

கட்டி முடித்த வணிகன் அதோடு நிறைவடையவில்லை. சுவர் ஒருநாள் விரிசல் விடும், கூரை ஒருநாள் ஒழுகும், அன்று தான் இருக்கப்போவதில்லை என்று அவன் முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறான். ஆகவே பழுது பார்க்கப் பொருளுக்கு ஓர் ஊரையும், பொறுப்பிற்கு ஒரு துறவியையும் அமைத்தான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் எழுதப்பட்ட இந்த ஏற்பாட்டை, இன்றைய பெரிய நிறுவனங்களின் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு மூத்த உறவாக நான் காண்கிறேன்.

ஆயினும் அந்தப் பள்ளி இன்று நிலைத்து நிற்கவில்லை. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கங்க மன்னன் மாரசிம்மன் நுளம்பர் வலிமையை முறித்தான். பின்னர்ச் சோழர் ஆட்சி வந்தது. அரசு மாறியது, ஊர்கள் கைமாறின, பள்ளியைப் போற்றிய கூட்டமும் காலப்போக்கில் குன்றியது. ஏற்பாடு எழுத்தில் இருந்தது. ஏற்று நடத்துவோர் இல்லாமற்போயினர். ஆதலால் எழுத்தும் பொருளும் மட்டும் போதா என்பதையும் இக்கல்வெட்டே நமக்குக் கற்பிக்கிறது. வழிவழியாக வந்து அப்பொறுப்பைத் தம் பொறுப்பாக ஏற்கும் மக்கள் வேண்டும். தருமபுரிக் கோட்டையிலுள்ள காமாட்சியம்மன் கோயிலைச் சென்று பாருங்கள். அதன் அடித்தளத்தில் இராமகதைச் சிற்பங்களை வரிசையாகக் காணலாம். அவை இன்றும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால், கோயிலை இடையறாது வழிபட்டுப் பேணிய ஊர்மக்களே அதற்குக் காரணம். அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ சத்திரமோ பழைய பாலமோ இருக்கும். அதன் சுவரிற் பதித்த கல்லைப் படிப்பதோடு நின்றுவிடாதீர்கள். இதனை எண்ணியவர் யார், வரைந்தவர் யார், இடையில் யார் கைக்கு மாறியது, சாந்து குழைத்துச் சுமந்தவர்கள் எவ்வூரினர், சென்ற மழைக்கு ஒழுகிய கூரையைச் செப்பனிட்டவர் யார் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். கொத்தனார் ஒருவரேனும் இன்னும் இருப்பார். அவரைத் தேடிப்பிடித்து அவர் சொல்வதை எழுதிவையுங்கள். அவரோடு அந்த நினைவும் போய்விடுமுன் செய்ய வேண்டிய வேலை இது. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும்.

அவ்வாறு எழுதத் தொடங்கினால், பல கட்டடங்களுக்கு ஒரே ஒரு தந்தை இல்லை என்பதை நீங்களே காண்பீர்கள். சிலவற்றைத் தொடங்கியவர்கள் வேறு. தூக்கி நிறுத்தியவர்கள் வேறு. தீயிலிருந்தும் மழையிலிருந்தும் காத்தவர்கள் வேறு. பாப்பாரப்பட்டியில் 98 ஆண்டுகள் காத்திருந்த எண்ணமும் மவுண்ட் ரோட்டில் கைமாறி வளர்ந்த மாளிகையும் நம்மிடம் கேட்பது ஒன்றே. நாளை நீங்கள் பொறியாளராகலாம், கட்டடக் கலைஞராகலாம், ஊராட்சியில் பொறுப்பேற்கலாம். அப்போது புதிதாக அடிக்கல் நாட்டும் ஆசை உங்களுக்கு எழுவது இயல்பு. அதற்குமுன், உங்களுக்கு முந்தியவர் பாதியில் விட்டுச் சென்றது ஏதேனும் பக்கத்தில் நிற்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.